கால்வாயும் கலம் பேணும் களமும்

அலோர் ஸ்டாரிலிருந்து தெற்கே குருண் நோக்கிப் பழைய நெடுஞ்சாலையில் செல்வோர், தம்மோடு நெடுந்தொலைவு உடன்வரும் ஒரு நீர்க்கோட்டைக் காண்பர். ஆறுபோல் வளைந்து நெளியாமல், நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுவதே அதன் தனித்தன்மை. அதுவே வான் மாட் சமான் கால்வாய். கெடாவின் மந்திரி புசாராக விளங்கிய வான் முகமது சமான், சுல்தான் அப்துல் ஹமீது ஹலிம் ஷாவின் ஆட்சிக் காலத்தில், 1885ஆம் ஆண்டில் இதனை வெட்டத் தொடங்கினார். பணி நிறைவுற ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. கெடா ஆற்றில் தொடங்கி, ஜெராய் மலையடிவாரத்துக் குருண் வரை சுமார் 36 கிலோமீட்டர் நீளத்துக்கு மனிதக் கைகளே இதனைத் தோண்டின. கோடு பிசகாதிருக்க இரவில் தீப்பந்தங்களை வரிசையாக நட்டு, அவற்றின் ஒளியை வைத்து நேர் பார்த்தனர் என்பது இவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

இக்கால்வாய் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்கியது. அதனோடு நெல்லையும் மக்களையும் ஏற்றிச் செல்லும் படகுகளுக்கு வழியாகவும் பயன்பட்டது. வெட்டியவர் யார், வெட்டத் தூண்டியது எது, எத்தனை ஆண்டுகள் ஆயின என்பனவற்றைப் பாடநூல்கள் சொல்லும். ஆனால், அதில் ஓடிய படகு ஓட்டை விழுந்தபோது எங்கே நின்றது, யார் அதை அடைத்தனர், எதைக் கொண்டு அடைத்தனர் என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியையே. ஒரு நீர்வழி உயிரோடு இருக்க வேண்டுமானால், அதன் கரையில் கலம் பேணும் களம் ஒன்று இருக்க வேண்டும். அக்களம் மறையும்போது முதலில் படகும், பின்னர் நீர்வழியும், இறுதியில் அவற்றைச் சார்ந்த சொற்களும் மறைகின்றன. இதனை மூன்று நாட்டுச் சான்றுகளால் விளக்க முயல்வோம்.

படகுக்கு ஏன் களம் வேண்டும்?

நீரில் மிதக்கும் எந்தக் கலமும், மிதக்கத் தொடங்கிய நாளிலிருந்தே தேயவும் தொடங்குகிறது. மரப்படகாயின், பலகைகள் நீரில் ஊறிப் பருப்பதும் வெயிலில் காய்ந்து சுருங்குவதுமாக இருக்கும். அதனால் பலகைகளுக்கு இடையிலுள்ள இணைப்புகள் வாய் பிளக்கும். அந்த இடுக்குகளில் பஞ்சு, தென்னைநார் போன்றவற்றைத் திணித்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசி நீர் புகாமல் அடைப்பர். இத்தொழிலைத் தமிழில் ‘கலப்பத்து’ என்பர். மலாய்க்காரர் இதற்குக் கெலாம் மரத்தின் பட்டையையும் டாமார் பிசினையும் பயன்படுத்தினர். பொருள் வேறாயினும் வேலை ஒன்றே.

உவர்நீரில் மற்றொரு பகையும் உண்டு. கப்பற்புழு எனப்படும் உயிரி மரத்தைத் துளைத்து உள்ளேயே வாழும். வெளியே பார்க்கும் கண்ணுக்குப் பலகை நலமாகவே தோன்றும். இப்புழு நன்னீரில் பிழைப்பதில்லை. ஆதலால் கடலோடிகள் தம் கலங்களை அவ்வப்போது ஆற்றின் மேற்பகுதிக்குக் கொண்டுவந்து நன்னீரில் நிறுத்தி வைத்தனர். ஆற்று முகத்துவாரங்கள் பழந்துறைமுகங்களாக விளங்கியதற்குக் காற்றிலிருந்து கிடைத்த பாதுகாப்போடு இதுவும் ஒரு காரணம்.

படகின் அடிப்பகுதியைச் செப்பனிட வேண்டுமானால் அதனை நீரிலிருந்து வெளியேற்றியாக வேண்டும். கடலோரத்திலும் முகத்துவாரத்திலும் இதற்கு இயற்கையே துணை நிற்கிறது. அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டி நீர் மிக உயர்ந்து ஏறும். அப்போது படகைக் கரைமேட்டில் ஏற்றிக் கட்டிவிட்டால், நீர் வடிந்ததும் படகு தரையில் நிற்கும். அடுத்த ஏற்றம் வருவதற்குள் அடியைச் சுரண்டி, அடைத்து, பூசி முடிக்கலாம். கோலா கெடாவிலும் மெர்போக் ஆற்று முகத்துவாரத்துத் தஞ்சோங் டாவாயிலும் வாழும் மீனவர்க்கு இக்கணக்குப் புதிதன்று.

கால்வாயில் இந்த வசதி இல்லை. அதன் நீர்மட்டம் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். ஏற்றமும் இல்லை, வடிப்பும் இல்லை. படகைத் தூக்கி நிறுத்த மனிதனே வழி காண வேண்டும். வழிகள் மூன்று. ஒன்று, சரிந்த கரைத்தளத்தில் உருளைகள் அல்லது தண்டவாளத்தின்மீது படகை இழுத்து ஏற்றுவது. இரண்டு, பாரந்தூக்கியால் தூக்குவது. மூன்று, உலர்துறை. உலர்துறை என்பது கால்வாயின் பக்கத்தில் படகு புகுமளவுக்குக் கட்டிய தொட்டி. படகு உள்ளே வந்ததும் வாயிற் கதவை அடைத்துவிட்டு, அருகிலுள்ள தாழ்ந்த நிலத்துக்கோ ஓடைக்கோ மதகு வழியாக நீரை வடிப்பர். நீர் வடிய வடியப் படகு மெல்ல இறங்கி, கீழே கிடக்கும் விட்டங்களின்மீது அமரும். வேலை முடிந்ததும் கதவின் சிறு மதகைத் திறந்தால் கால்வாய் நீர் புகுந்து படகை மீண்டும் மிதக்கவிடும். எளிய அமைப்புதான், ஆனால் இது இல்லாத கால்வாயில் ஒரு படகின் ஆயுள் குறுகியதே.

இங்கிலாந்தின் குறும்படகுகள்

கலம் பேணும் களத்தை நம்பியே இன்றும் வாழும் நீர்வழிக்குச் சிறந்த சான்று இங்கிலாந்தில் உண்டு. ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் 1766ஆம் ஆண்டில் டிரென்ட் மெர்சி கால்வாய்ப் பணியைத் தொடங்கினார். 1777இல் அது முடிந்தது. மேட்டிலும் பள்ளத்திலும் படகை ஏற்றி இறக்க அங்கே ‘லாக்’ எனப்படும் இருகதவுத் தொட்டிகளைக் கட்டினர். தொட்டி அகலமானால் செலவும் கூடும், ஒவ்வொரு முறையும் இழக்கும் நீரும் கூடும். ஆகவே ஏறத்தாழ 7 அடி அகலம், 72 அடி நீளம் உடைய படகு நுழையும் அளவுக்கே அவற்றை அமைத்தனர். தொட்டியின் அளவே படகின் அளவாயிற்று. ஓர் ஆள் கைகளை விரித்தால் இரு பக்கச் சுவரையும் ஏறக்குறையத் தொட்டுவிடும் இப்படகையே குறும்படகு என்கிறோம்.

நிலக்கரியும் மட்பாண்டமும் ஏற்றிய இப்படகுகளை முதலில் குதிரைகள் இழுத்தன. இருப்புப்பாதை வந்ததும் சரக்கு அதற்கு மாறியது. கால்வாய்கள் தூர்ந்தன. 1944இல் எல்.டி.சி. ரோல்ட் என்பவர் தம் படகு வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூல் மக்களின் கவனத்தைத் திருப்பியது. 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் ஒன்று தோன்றியது. தன்னார்வலர் பலர் சேற்றில் இறங்கிக் கால்வாய்களை மீட்டனர். இன்று அக்குறும்படகுகளில் பலர் விடுமுறையைக் கழிக்கின்றனர். பலர் அவற்றையே வீடாகக் கொண்டு குடும்பத்தோடு வாழ்கின்றனர். 2012 முதல் ஓர் அறக்கட்டளை இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் கால்வாய்களுள் பெரும்பாலானவற்றைப் பேணி வருகிறது.

படகு வீடானபோது களத்தின் பணியும் விரிந்தது. படகில் வாழ்பவர்க்கு முதலில் வேண்டுவது குடிநீர். கரையில் குழாய் இருக்கும் இடத்தில் நிறுத்தித் தொட்டியை நிரப்பிக்கொள்வர். அடுத்தது கழிவு. சில படகுகளில் கழிவு ஒரு தொட்டியில் சேரும்; அதைக் களத்திலுள்ள பம்பு உறிஞ்சி எடுக்கும். வேறு சிலவற்றில் கையில் தூக்கும் பெட்டியில் சேரும்; அதற்கென அமைத்த இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். டீசல், அடுப்புக்கு எரிவாயு, குளிர்காலத்துக்கு நிலக்கரி ஆகியவற்றையும் களமே விற்கிறது.

பழுது பார்ப்பதும் மரத்திலிருந்து எஃகுக்கு மாறிவிட்டது. இக்காலக் குறும்படகின் அடித்தகடு பொதுவாக 10 மில்லிமீட்டர் தடிப்பும், பக்கத் தகடு 6 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது. துரு அதனை அரிக்காதிருக்க இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படகைத் தூக்கி, அடியைக் கழுவிச் சுரண்டி, கீல் பூசுகின்றனர். மேலும், எஃகுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுப் போகும் ஓர் உலோகக் கட்டியை அடியில் பற்றவைக்கின்றனர். நன்னீராயின் மக்னீசியம், உவர்நீராயின் துத்தநாகம். கட்டி தேய்ந்ததும் புதிது வைப்பர். வேதியியல் ஆசிரியர்கள் வகுப்பில் மின்வேதி அரிப்பை விளக்கும்போது எடுத்துக்காட்ட இதைவிடத் தெளிவான பொருள் கிடைப்பது அரிது. இவற்றோடு, எரிவாயு, மின்சாரம், எரிபொருள் அமைப்புகள் பாதுகாப்பானவை என்ற சான்றிதழை ஒவ்வொரு படகும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெற்றாக வேண்டும். சிறு அறையில் அடுப்பு எரியும் படகில் ஒரு கசிவு ஓர் உயிரையே வாங்கிவிடும் என்பதால் இவ்விதி கடுமையாகவே கடைப்பிடிக்கப்படுகிறது.

இங்கே நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. இங்கிலாந்தின் கால்வாய்கள் சரக்கை இழந்தும் சாகவில்லை. அவற்றைக் காத்தது வெறும் பழம்பெருமை உணர்வு என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர்க் குழாயும் கழிவுப் பம்பும் உலர்துறையும் கரைநெடுகத் தொடர்ந்து இருந்தமையால்தான் படகுகள் தங்கின. படகுகள் தங்கியமையால் கட்டணம் வந்தது. கட்டணம் வந்தமையால் தூர் வாரப்பட்டது.

பக்கிங்காம் கால்வாய் தரும் பாடம்

தமிழ்நாட்டில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். 1806இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டுவித்தார். 1837இல் அரசு அதனை ஏற்றது. பின்னர் அது பழவேற்காடு ஏரியையும் கடந்து நீண்டது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தின்போது, கஞ்சிக்கு வழியற்ற மக்களுக்கு வேலை தருவதற்காகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே முழுக் கால்வாய்க்கும் ஆயிற்று. வடக்கே ஆந்திரத்துப் பெத்தகஞ்சம் வரை சுமார் 315 கிலோமீட்டரும், தெற்கே மரக்காணம் வரை சுமார் 103 கிலோமீட்டரும் அது நீண்டிருந்தது. பசியால் வாடியவர்கள் தோண்டிய வழியில் நெல்லும் உப்பும் விறகும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் சென்னைக்கு வந்து சேர்ந்தன.

அப்படகுகளும் நீண்டு குறுகி, அடி தட்டையானவை. ஆழம் குறைந்த நீரில் அப்படித்தான் இருக்க இயலும். காற்று வாய்த்தால் பாய் விரிப்பர். இல்லையேல் கழி ஊன்றுவர். அல்லது கரையில் நடந்து கயிற்றால் இழுப்பர். பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு இக்கால்வாய் வழியே மாமல்லபுரத்துக்குப் படகில் சென்றதைப் பாடிய ‘மாவலிபுரச் செலவு’ என்ற பாடலைத் தமிழாசிரியர்கள் அறிவர். இடம்பெயர்தல் என்ற பொருளில் ‘செலவு’ என்னும் பழஞ்சொல்லை அவர் ஆண்ட நயத்தை மாணவர்க்கு விளக்கும்போது, அப்பயணம் எவ்வகைக் கலத்தில், யாருடைய தோள்வலியால் நிகழ்ந்தது என்பதையும் சேர்த்து விளக்குதல் நன்று.

இருப்புப்பாதையும் சரக்குந்தும் வந்தன. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சரக்குப் படகுகள் குறைந்தன. படகு குறைந்ததும் அதனைச் செப்பனிட்டோர் வேறு தொழில் தேடினர். செப்பனிடுவார் இல்லாமையால் எஞ்சிய படகுகளும் கரையேறின. ஓட்டுவார் இல்லாத நீரைத் தூர் வாரும்படி கேட்பாரும் இல்லை. நகரின் கழிவுநீர் அதில் கலந்தது. 1990களில் சென்னையின் பறக்கும் இரயிலுக்கான தூண்கள் கால்வாயின் நீர்ப்பரப்பிலேயே ஊன்றப்பட்டன. கால்வாயில் படகு ஓடிக்கொண்டிருந்தால் அங்கே தூண் ஊன்ற எவரும் துணிந்திருப்பாரா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2008இல் இது தேசிய நீர்வழி 4இன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்தபோது, ஒருகாலத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குப் படகைப் பேணத் தெரிந்திருந்த கைகள் அங்கே இல்லை.

கெடா மண்ணில்

இனி நம் மண்ணுக்குத் திரும்புவோம். கெடாவுக்குக் கால்வாய் வெட்டும் மரபு புதிதன்று. வான் மாட் சமானுக்கு இரு நூற்றாண்டுகள் முன்னரே, 17ஆம் நூற்றாண்டில், சுங்கை கோரோக் வெட்டப்பட்டது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னர், இம்மண்ணைத் தமிழர் கடாரம் என்றும் காழகம் என்றும் அறிந்திருந்தனர். பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் அண்மைக்கால அகழாய்வுகள் செங்கல்லால் கட்டிய படகுத்துறைகளையும் இரும்பு உருக்கிய இடங்களையும் வெளிக்கொணர்ந்துள்ளன. அருகிலுள்ள மற்றோர் அகழாய்விடத்தின் பெயர் பெங்காலான் பூஜாங். மலாய் மொழியில் ‘பெங்காலான்’ என்றால் படகு அணையும் துறை. ஊர் மறைந்தாலும் துறை பெயரில் நின்றுவிட்டது.

அலோர் ஸ்டாரில் லிம்போங் காப்பால் என்றோர் இடப்பெயர் உண்டு. ‘லிம்போங்கான்’ என்பது கலங்களைக் கட்டியும் செப்பனிட்டும் வந்த தளத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல். ‘காப்பால்’ என்பதோ நம் ‘கப்பல்’ என்ற சொல்லே என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. இவ்வுரை தேடும் கலம் பேணும் களமே இங்கே ஊர்ப்பெயராகி நிற்கிறது. அப்பெயரின் ஒரு பாதியில் தமிழ் ஒலிக்கிறது. அவ்வழியே நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் மாணவர் எத்தனை பேர் இதனை அறிவர்?

சொல் ஒருவழியாக மட்டும் பயணம் செய்வதில்லை. ‘கடை’ மலாயில் ‘கெடாய்’ ஆனதுபோல, மலாய்ச் சொல்லான ‘கெத்தா’ நம் தோட்டத்து வாழ்வில் ‘கித்தா’ ஆயிற்று. ‘கம்போங்’ நம் வாயில் ‘கம்பம்’ ஆயிற்று. 1909இல் கெடா பிரிட்டிஷ் செல்வாக்கின்கீழ் வந்தபின் தென்கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். அக்காலத்திலேயே இருப்புப்பாதையும் வந்தது; 1915இல் அது அலோர் ஸ்டாரை எட்டியது. குருணிலிருந்து அலோர் ஸ்டாருக்குப் படகில் போன சரக்கு இரயிலுக்கும் பின்னர் சாலைக்கும் மாறியது. 1970இல் மூடா வேளாண்மை வளர்ச்சி வாரியம் அமைந்து, மூடா, பெடு அணைகளின் நீரால் ஆண்டுக்கு இருபோகம் விளைந்தது. கெடாச் சமவெளியில் நீர்வாய்க்கால்கள் மிகுந்தன. ஆனால் அவை வயலுக்கானவை, படகுக்கானவை அல்ல. ஆக, நம் மாநிலத்தில் கால்வாய் செத்துவிடவில்லை. பாசனம் அதனைத் தாங்கி நிற்கிறது. செத்தது அதன் ஒரு பாதி. அப்பாதியைப் பற்றிய நினைவும் மெல்ல மங்கி வருகிறது.

சொல்லின் உலர்துறை

இதில் மொழிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மணிமேகலை, கலஞ்செய்யும் கம்மியரைக் குறிப்பிடுகிறது. கம்மியர் இருந்தமையால் அவர்தம் சொற்களும் இருந்தன. கலத்தின் முற்பகுதி அணியம், பிற்பகுதி அமரம், அடிமரம் ஏரா, திருப்புவது சுக்கான், நிறுத்துவது நங்கூரம். இவற்றுள் சுக்கானும் நங்கூரமும் மேற்கிலிருந்து கடல் கடந்து வந்தவை. வந்த சொல்லைத் துறையில் இறக்கித் தமக்கு ஏற்பச் செதுக்கிப் பயன்படுத்தியவர் தொழிலாளர். இன்று நம் மாணவர் ‘படகு’ என்ற ஒரே சொல்லால் தெப்பம், தோணி, ஓடம், நாவாய், வங்கம் அனைத்தையும் சொல்லிவிடுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதில் பொருளில்லை. வேறுபாடு காணக் கலம் கண்முன் இல்லாதபோது, வேறுபாடு சொல்லும் சொல் மட்டும் எப்படித் தங்கும்?

ஆதலால் ஆசிரியப் பெருமக்களிடம் ஒன்றை வேண்டுகிறோம். அடுத்த முறை மாணவரைப் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும்போது, அங்கேயே பயணத்தை முடித்துவிடாதீர்கள். மெர்போக் ஆற்றங்கரையில் மீன்பிடிப் படகு ஒன்று கரையேற்றி நிற்கும் இடத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே வேலை செய்பவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். அதனால் குறைவொன்றும் இல்லை. நான்கு கேள்விகளை மாணவர் கேட்கட்டும்: இப்படகை எப்படி நீரிலிருந்து ஏற்றுகிறீர்கள்? எதைக் கொண்டு அடைக்கிறீர்கள்? எத்தனை திங்களுக்கு ஒருமுறை பூசுகிறீர்கள்? இக்கருவியின் பெயர் என்ன? கிடைத்த விடைகளை மலாயிலும் தமிழிலும் எழுதி வரட்டும். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால், கப்பலில் வந்த முன்னோர் சொன்ன சொல் ஏதேனும் நினைவில் உண்டா என்றும் கேட்டு வரட்டும். ஒரு வகுப்பு ஓராண்டில் ஐம்பது சொற்களைத் திரட்டினாலும் போதும்.

மாணவர்க்கும் ஒரு சொல். நீர்வழிகளை மீட்போம், படகுச் சுற்றுலா தொடங்குவோம் என்ற பேச்சு எந்த ஊரிலும் அவ்வப்போது எழும். அத்தகைய பேச்சைக் கேட்கும்போது, படகு எவ்வளவு அழகாயிருக்கும் என்று கேட்பதற்கு முன், அது பழுதானால் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். குடிநீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும், அடியைச் சுரண்டிப் பூசக் கற்றவர் யார், அவருக்கு ஆண்டு முழுதும் வேலை உண்டா என்று கேளுங்கள். விடை இருந்தால் அத்திட்டம் நிற்கும். விடை இல்லையேல் படம் பிடித்த மறுநாளே அப்படகு கரையோரம் மூழ்கிக் கிடக்கும்.

வான் மாட் சமானின் ஆள்கள் தீப்பந்தம் நட்டு நேர் பார்த்து வெட்டிய கோடு நூறாண்டுக்கு மேலாகியும் கோணவில்லை. வெட்டுதல் ஒருமுறை, பேணுதல் நாள்தோறும். கால்வாய்க்கும் கலத்துக்கும் பொருந்தும் இவ்வுண்மை நாம் பேசும் மொழிக்கும் பொருந்தும்.